மரத்துக்கு முன்னால் காற்று

போன வாரம் என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவன் ஒரு வரைபடத்தை அனுப்பிவிட்டு, கையோடு ஃபோனும் செய்தான். இந்த வருடம்தான் முதல் தடவையாக மானுக்கு வில்வேட்டை உரிமம் எடுத்திருக்கிறான். ஏறி உட்கார்ந்து மானுக்குக் காத்திருக்க, வரைபடத்தில் மூன்று மரங்களைச் சிவப்புப் புள்ளி வைத்துக் குறித்திருந்தான்.

"அக்கா, மூணுமே நல்லாத்தான் தெரியுது. முதல் நாள் எதுல ஏறட்டும்னு மட்டும் சொல்லுங்க."

"எந்தக் காத்துக்கு?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அதைப் பாக்கலையே அக்கா. தடம் நிறைய இருக்குற இடமாப் பாத்துக் குறிச்சேன்."

அவன் மேல் தப்பில்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் குறித்தேன். ஃபோனில் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் இங்கே நிதானமாக எழுதுகிறேன். அவனைப் போல இங்கே வில் எடுக்கலாமா என்று யோசிக்கிற நம் ஆட்கள் இன்னும் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

என் சொந்த ஊர் போடிநாயக்கனூர். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்துக்கு வந்து 14 வருடம் ஆகிறது. ஊரில் மான் மேல் கை வைத்தால் சிறை. 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதை முடித்துவைத்தது. அங்கே காடும் மானும் இருக்கிற இருப்புக்கு அதுதான் சரி. இங்கே கதை வேறு. வெள்ளைவால் மான் காட்டில், சோயா வயலில், நெடுஞ்சாலையில், வீட்டுத் தோட்டத்து ரோஜாச் செடியில் என்று எங்கும் நிற்கிறது. எத்தனை எடுக்கலாம், எப்போது, எதை வைத்து என்பதை மாநிலம் வருடா வருடம் முடிவு செய்கிறது. 1973 ஜனவரி 1 முதல் பிறந்தவர்கள் என்றால் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்திருந்தால்தான் உரிமம் கிடைக்கும். நாம் வாங்கும் வில்லிலும் அம்பிலும் ஒரு வரி இருக்கிறது. 1937-இல் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் என்று வந்த சட்டம் அது. காட்டுயிர்ப் பராமரிப்புக்கே அந்தப் பணம் போகும். அங்கே வேட்டை நின்ற அதே 1972-இல்தான் இங்கே வில்லையும் அந்த வரிக்குள் கொண்டுவரச் சட்டம் செய்தார்கள்.

வில்லுக்கென்று தனியாக ஒரு மான் வேட்டைக் காலத்தை 1934-இல் முதலில் திறந்ததும் விஸ்கான்சின்தான். கொலம்பியா, ஸாக் என்ற இரண்டு கவுண்டிகளில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி). நான் மரமேறுவது அதே ஸாக் கவுண்டியின் மேற்குப் பக்கம். காட்டுயிர்ப் பாதுகாப்பு பற்றி எழுதிய ஆல்டோ லியோபோல்டின் குடிலும் இதே கவுண்டியில், பாராபூ ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தன் வில்லைத் தானே செதுக்கிக்கொண்டவர் அவர். அவர் மனைவி எஸ்டெல்லா மாநிலத்துப் பெண்கள் வில்வித்தையில் சாம்பியன். முதல் வருடம் தோள் வலிக்க வலிக்க வில் இழுத்துப் பழகிய நாட்களில் நான் அந்த அம்மாவைத்தான் நினைத்துக்கொள்வேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

இங்கே வில்வேட்டைக் காலம் செப்டம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை தொடங்கி ஜனவரி வரை ஓடும். பலர் காத்திருப்பது நவம்பருக்கு. அது இணைசேரும் காலம். அப்போது ஆண் மான் பகலிலேயே மலையைச் சுற்றி அலையும். சுமாரான இடத்தில் உட்கார்ந்திருந்தாலும் ஏதாவது ஒன்று எதிரே வரும். செப்டம்பரில் அந்தச் சலுகை கிடையாது. மானுக்கு அப்போது வயிறும் படுக்கையும் தவிர வேறு கவலை இல்லை. வெயில் இருக்கிறது, காடு முழுக்க இலை இருக்கிறது, தீனி காலடியில் கிடக்கிறது. எதற்காக அது நடக்க வேண்டும்? இருட்டுகிற நேரத்தில் எழுந்து, சோம்பல் முறித்து, போகிற வழியில் நாலு வாய் மேய்ந்து, நன்றாக இருட்டிய பிறகு வயலுக்கு வந்து சேரும். இரவு முழுக்க அங்கே தின்னும், அங்கேயே படுத்து அசைபோடும், விடிவதற்குள் காட்டுக்குள் திரும்பிவிடும்.

அப்படியானால் நமக்கு அம்பு விடும் வெளிச்சம் இருக்கும்போது அந்த மான் நடக்கிற தூரம் எவ்வளவு? படுக்கையை விட்டு எழுந்த முதல் 100, 150 கஜம். பல நாள் அவ்வளவுகூட இல்லை. அந்தத் துண்டுக்குள் நாம் இருந்தாக வேண்டும். தம்பி பார்த்த தடமெல்லாம் உண்மையான தடம்தான். ஆனால் வயலோரத்துத் தடம் இரவில் மிதிக்கப்பட்டது. குளம்புக் குழியில் மணி எழுதியிருக்காது.

இதை நான் கற்றுக்கொண்டது என் முதல் செப்டம்பரில். ஒரு பெரியவரின் பண்ணையில் வேட்டையாட அனுமதி கிடைத்திருந்தது. அவருடைய சோயா வயலின் ஓரத்தில் ஆடு மாடு போன பாதை மாதிரி ஒரு தடம் காட்டிலிருந்து இறங்கும். அந்தத் தடத்தின் வாயிலேயே ஒரு மரம். இதைவிட வேறென்ன வேண்டும் என்று பரண் கட்டினேன். ட்ரீ ஸ்டாண்ட் என்று இங்கே சொல்வதை நான் பரண் என்றுதான் சொல்வேன். எங்கள் பக்கம் மலைத்தோட்டத்தில் காவலுக்குக் கட்டுவார்களே, அதேதான். முதல் நாள் மாலை முழுக்க ஒன்றும் வரவில்லை. வில்லின் குறிமுள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இருட்டிய பிறகு ஒன்று வந்தது. அப்புறம் மூன்று. அப்புறம் எண்ண முடியவில்லை. நான் மரத்தில், அவை என் காலடியில். எப்படி இறங்குவது? முக்கால் மணி நேரம் பார்த்தேன். கால் மரத்துப்போனது. கடைசியில் மெதுவாக இறங்கினேன். கொக்கி ஒன்று ஏணிக் கம்பியில் 'டிங்' என்று தட்டியது. அவ்வளவுதான், மூக்கால் சீறுகிற அந்தச் சத்தம் வயல் முழுக்க நாலு பக்கமும் கேட்டது. இருட்டில் வெள்ளை வால்கள் மட்டும் துள்ளித் துள்ளிப் போயின.

அதே மரத்தில் இன்னும் இரண்டு மாலை உட்கார்ந்தேன். இரண்டு மாலையும் இதே முடிவு. நாலாம் நாள் ஒரு மான்கூட இல்லை. பெரியவர் சமையலறை ஜன்னலிலிருந்து வயலைப் பார்க்கிறவர். அவர் சொன்னார்: "போன வாரம்வரை நான் சாப்பிட உட்காரும்போது வந்துகொண்டிருந்தன அம்மா. இப்போதெல்லாம் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போகும்போதுதான் வருகின்றன."

மூன்று மாலையில் நானே அந்த வயலைக் கெடுத்தேன். மான் எங்கே வரும் என்று மட்டும் யோசித்தேன். நான் எப்படி வருவேன், எப்படிப் போவேன் என்று யோசிக்கவே இல்லை.

இப்போது ஒரு இடத்தைப் பார்த்தால் நான் முதலில் கேட்கிற கேள்வி, இருட்டிய பிறகு இங்கிருந்து எப்படி வெளியேறுவேன் என்பது. அதற்குப் பதில் இல்லையென்றால் அந்த மரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். வயலோரம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பண்ணைக்காரரிடம் சொல்லி, இருட்டியதும் அவருடைய வண்டியை ஒரு சுற்று வயலுக்குள் ஓட்டிவரச் சொல்லலாம். பண்ணை வண்டி மானுக்குப் பழகின சத்தம். ஒதுங்கிப் போகுமே தவிர, மரத்தடியில் மனிதன் இருந்தான் என்று தெரிந்துகொள்ளாது. ஆனால் ஒரு வயதானவரை எத்தனை மாலை அப்படிக் கூப்பிட முடியும்?

இன்னொரு தவறும் அந்த வருடம் செய்தேன். ஆகஸ்ட் முழுக்கத் தொலைநோக்கியோடு சாலையோரம் நின்று பார்த்து, எந்த மூலையில் எந்த ஆண் மான் வருகிறது என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். கொம்பில் இன்னும் வெல்வெட் தோல் போர்த்தியிருக்கும் மாதம் அது. ஆண் மான்கள் நாலைந்தாகச் சேர்ந்து, கடிகாரம் வைத்தது போல ஒரே மூலைக்கு வரும். செப்டம்பர் தொடக்கத்தில் அந்தத் தோல் உரிந்துவிடும். அத்தோடு கூட்டமும் கலையத் தொடங்கும். இதுவரை தோளுரசி மேய்ந்தவை ஆளுக்கொரு பக்கம் பிரிந்து போகும். அதே நாட்களில்தான் சோயா இலை மஞ்சளாகும். பச்சையாக இருக்கும்வரை மான் சோயா இலையை விடாது. பழுக்க ஆரம்பித்ததும் பெரும்பாலும் பக்கத்து வயலுக்கு மாறிவிடும். அந்தப் பக்கத்து வயல் பெரும்பாலும் குதிரைமசால். தேனிப் பக்கம் ஆட்டுக்குப் போடுகிற அதே குதிரைமசால்தான். இங்கே மாட்டுப் பண்ணைகளில் ஏக்கர் கணக்கில் போடுகிறார்கள். அறுத்த பத்து நாளில் மறுபடி துளிர்க்கும் என்பதால் பனி விழும்வரை பச்சை இருக்கும். ஆகஸ்ட் நோட்டை வைத்துக்கொண்டு செப்டம்பரில் மரமேறுகிறவர்கள் காலியான வீட்டுக்கு விருந்துக்குப் போகிறார்கள்.

ஆனால் வயலைவிடப் பெரிய விஷயம் காட்டுக்குள் நடக்கிறது. ஓக் கொட்டை விழ ஆரம்பிக்கும்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கே ஓக் மரங்களில் இரண்டு பெரிய குடும்பம். வெள்ளை ஓக், சிவப்பு ஓக். வெள்ளை ஓக் இலையின் மடல்கள் விரல் நுனி மாதிரி உருண்டிருக்கும். சிவப்பு ஓக்கில் ஒவ்வொரு மடலும் முள்ளில் முடியும். வெள்ளை ஓக்கின் கொட்டை ஒரே பருவத்தில் முற்றி விழுந்துவிடும். சிவப்பு ஓக்குக்கு இரண்டு வருடம் வேண்டும், துவர்ப்பும் அதிகம். இரண்டையும் உடைத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்திருக்கிறேன். சிவப்பு, பிஞ்சு மாதுளைத் தோலைக் கடித்தது போல வாயைச் சுருட்டிவிடும். வெள்ளையும் துவர்க்கும், ஆனால் அடியில் ஒரு இனிப்பு உண்டு. மானுக்கும் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். வெள்ளை ஓக் கொட்டை போட ஆரம்பித்தால், படுக்கைக்கும் வயலுக்கும் நடுவில் ஒரு பந்தி விரித்த மாதிரி. எழுந்த மான் முதலில் அங்கே போகும். வெளிச்சம் இருக்கும்போதே போகும், ஏனென்றால் அது காட்டுக்குள் இருக்கிறது, மறைவு இருக்கிறது.

எல்லா வெள்ளை ஓக்கும் ஒரே நாளில் போடாது. ஒரே சரிவில் நாற்பது மரம் நின்றால் செப்டம்பர் நடுவில் இரண்டோ மூன்றோதான் போட்டுக்கொண்டிருக்கும். அந்த இரண்டைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. ஆகஸ்ட் கடைசியிலேயே தொலைநோக்கியால் உச்சிக் கிளைகளைப் பார்த்து, எதில் காய் கொத்தாக இருக்கிறது என்று குறித்துக்கொள்வேன். அப்புறம் வேட்டை தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னால், நடுமதியத்தில், காற்று சரியாக இருக்கும் நேரமாகப் பார்த்து ஒரே ஒரு தடவை உள்ளே போவேன். மரத்தடியில் குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும். அணில் தின்றால் ஓட்டைச் சீவிச் சீவிப் போட்டிருக்கும். மான் முழுசாக வாயில் போட்டு நொறுக்கும், பாதி ஓடு உதட்டோரம் வழிந்து கீழே விழும். அந்தப் பாதி ஓட்டை எடுத்துப் பாருங்கள். உள்பக்கம் வெளுப்பாக, ஈரமாக இருந்தால் நேற்று இரவு. பழுப்பேறியிருந்தால் பழையது. புழுக்கையும் அப்படித்தான். ஆட்டுப் புழுக்கை பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பளபளப்பும் ஈரமும் இருந்தால் புதுசு, மேல் தோல் வெடித்திருந்தால் போன வாரத்தது.

போன வருடம் அப்படி ஒரு மரம் கிடைத்தது. இடத்தைச் சொன்னால்தான் மீதி புரியும்.

இந்தப் பகுதியைப் பனியாறு கடைசிப் பனியூழியில் தொடாமல் விட்டுப்போனது. அதனால் விஸ்கான்சினின் மற்ற இடங்களைப் போலத் தட்டையாக இல்லாமல், செங்குத்தான மேடும் குறுகிய பள்ளமுமாக மடிந்து கிடக்கும். தெற்கு வடக்காக ஓடும் ஒரு முகடு. அதன் கிழக்குச் சரிவில் பாதி உயரத்தில், படிக்கட்டில் ஒரு படி மாதிரி, பதினைந்து இருபது கஜம் அகலத்தில் ஒரு சமதளம் நீளமாகப் போகிறது. சரிவின் வடக்குக் கோடியில், மேலே, முட்புதரும் விழுந்த மரமுமாக ஒரு அடர்த்தி. மான் பகலில் படுப்பது அங்கே. கிழக்குச் சரிவில் பிற்பகலிலேயே நிழல் விழுந்துவிடும், வெயில் காலத்துக்கு அதைவிட நல்ல படுக்கை கிடையாது. தெற்கே கீழே குதிரைமசால் வயல். மான் அந்தச் சமதளத்தில் வடக்கிலிருந்து தெற்காக நடந்து வயலுக்கு இறங்கும். வெள்ளை ஓக் நின்றது சமதளத்தின் மேல், படுக்கையிலிருந்து சுமார் 130 கஜத்தில். சரிவின் அடியில் ஒரு ஓடை.

எங்கே உட்காருவது? ஓக் மரத்துக்கு மேலே, சரிவில் உயரமாக உட்கார்ந்தால் எல்லாம் நன்றாகத் தெரியும். யாரைக் கேட்டாலும் உயரமான இடம்தான் நல்லது என்பார்கள். நானும் மூன்று வருடத்துக்கு முன் இதே போன்ற ஒரு சரிவில் மேலேதான் உட்கார்ந்தேன். ஆறு மணிவரை காற்று என் முகத்தில் அடித்தது, எல்லாம் சரியாக இருந்தது. ஆறரைக்கு ஒரு மான் எனக்குக் கீழே 30 கஜத்தில் வந்து நின்று, ஒரு காலைத் தூக்கித் தரையில் தட்டி, நேராக என்னைப் பார்த்துச் சீறிவிட்டு ஓடியது. காற்று மாறவில்லை. காற்று நின்றிருந்தது. அதுதான் பிரச்சினை.

போடியில் எங்கள் வீட்டுக்கு மேற்கே மலை. வெயில் மலைக்குப் பின்னால் சாய்ந்ததும், அதுவரை புழுங்கிக்கொண்டிருந்த தெருவில் குளுகுளுவென்று ஒரு காற்று இறங்கி வரும். "மலைக்காத்து இறங்கிருச்சு, உள்ள வா" என்று அம்மா கூப்பிடுவார். எந்தத் திசைக் காற்று அடித்தாலும், அந்த நேரத்தில் மலைக்கென்று ஒரு காற்று உண்டு. இங்கேயும் அதேதான் நடக்கிறது, சிறிய அளவில். பகலில் வெயில் பட்ட சரிவில் காற்று சூடாகி மேலே ஏறும். நிழல் விழுந்ததும் குளிர்ந்து, கனத்து, தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து பள்ளத்துக்கு இறங்கும். வானிலை செயலியில் வருகிற காற்று மாலையில் அடங்கிவிட்டால், கடைசி ஒரு மணி நேரம் ஆட்சி செய்வது இந்தக் காற்றுதான். மான் நடமாடுவதும் அந்த ஒரு மணி நேரத்தில்தான். மேலே உட்கார்ந்திருந்த என் வாடையை அது அப்படியே உருட்டிக்கொண்டுபோய் மானின் மூக்கில் கொட்டிவிட்டது.

இந்தக் காற்றைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. இங்கே சாலையோரமெல்லாம் மில்க்வீட் என்று ஒரு செடி முளைக்கும். இலையைக் கிள்ளினால் பால் வடியும், காய் வெடித்தால் வெள்ளைப் பஞ்சு பறக்கும். முதல் தடவை பார்த்தபோதே எருக்கு என்றுதான் நினைத்தேன். இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். போன வருடத்துக் காய்களை ஒரு சின்ன டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். மரத்தில் உட்கார்ந்ததும் ஒரு இழையை எடுத்து விடுவேன். பொடியைத் தூவினால் இரண்டு கஜத்தில் மறைந்துவிடும், பஞ்சு அப்படியில்லை. அது ஐம்பது, அறுபது கஜம் கண்ணுக்குத் தெரிய மிதந்து போகும். எங்கே திரும்புகிறது, எங்கே கீழே இறங்குகிறது, எந்தப் புதரைச் சுற்றிச் சுழல்கிறது என்று என் வாடை போகும் பாதையை எனக்கு வரைந்து காட்டும். தம்பி, நீ வாங்கி வைத்திருக்கும் வாசனை நீக்கும் ஸ்ப்ரே, சோப்பு எல்லாவற்றையும்விட இந்த டப்பாவை நான் நம்புகிறேன். வியர்வை கொட்டுகிற செப்டம்பரில் மனித வாடையை ஒழிக்க முடியாது. அது எந்தப் பக்கம் போகவேண்டும் என்று நாம் தேர்ந்தெடுக்கலாம், அவ்வளவுதான்.

அதனால் போன வருடம் கீழே உட்கார்ந்தேன். ஓக் மரத்துக்குக் கிழக்கே, சமதளத்தின் விளிம்பைத் தாண்டிச் சரிவு இறங்கத் தொடங்குகிற இடத்தில் ஒரு பாஸ்வுட் மரம். கொட்டை கிடக்கும் இடத்துக்கு 22 கஜம். வடமேற்குக் காற்று அடித்தால் என் வாடை தென்கிழக்கே, சரிவுக்கு வெளியே போகும். காற்று அடங்கினால் நேராகக் கிழக்கே வழிந்து ஓடைக்கு இறங்கும். இரண்டிலும் சமதளத்தில் வரும் மானுக்கு வாடை இல்லை. ஒரு குறை உண்டு. தரை தாழ்ந்த இடம் என்பதால் நாலு மீட்டர் ஏறியும் மானின் கண் மட்டத்துக்குக் கொஞ்சம்தான் மேலே இருந்தேன். நவம்பரில் இலை உதிர்ந்த பிறகு அங்கே உட்கார்ந்தால் அது என்னைப் பார்த்துவிடும். செப்டம்பரில் இலை காப்பாற்றும்.

போகும் வழி ஓடை. காலணியோடு தண்ணீரிலேயே நடந்து, கரையின் மறைவில் வடக்கே வந்து, மரத்துக்கு நேர் கீழே கரையேறி நாற்பது கஜம் மேலே. மான் நடக்கும் தடத்தை ஒரு இடத்திலும் தாண்டவில்லை. திரும்பும் வழியும் அதுவே. வயலின் பக்கமே வரவேண்டியதில்லை.

அப்புறம் காத்திருந்தேன். முதல் சனிக்கிழமை தெற்குக் காற்று, புழுக்கம். அந்த மரத்துக்குப் போகவில்லை. தெற்குக் காற்றில் அங்கே உட்கார்ந்தால் என் வாடை நேராகப் படுக்கைக்குப் போய்ச்சேரும். ஒரே ஒரு தடவை அப்படி நடந்தால் போதும், அந்த வருடத்துக்கு அந்தச் சரிவு முடிந்தது. காலையிலும் போகவில்லை. செப்டம்பரில் விடிகாலை போனால் மான் இன்னும் வயலிலோ வழியிலோ இருக்கும், இருட்டில் அதன் மேலேயே போய் முட்டுவோம். என்னைப் பொறுத்தவரை காலை வேட்டை அக்டோபர் கடைசிக்கு. சரியான மரத்தை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பது கஷ்டம்தான்.

செவ்வாய்க்கிழமை இரவு மழை பெய்து, புதன்கிழமை வாடைக்காற்று வந்தது. வடமேற்கிலிருந்து, சுத்தமான, குளிர்ந்த காற்று. மதியம் மூன்றரைக்கு வேலையிலிருந்து கிளம்பிவிட்டேன். ஐந்து மணிக்கு மரத்தில் இருந்தேன். இடுப்பு தோள் எல்லாம் சேர்த்துக் கட்டுகிற பாதுகாப்புப் பட்டையைத் தரையிலிருந்தே மாட்டிக்கொண்டுதான் ஏறுவேன். மரத்திலிருந்து விழுந்து முதுகு ஒடிந்தவர்களின் கதை இந்த ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு, இதில் மட்டும் யாரும் அலட்சியம் காட்டவேண்டாம். பஞ்சு ஒன்றை விட்டேன். ஓக்கை விட்டு விலகி, தென்கிழக்கே, பள்ளத்தின் மேல் மிதந்து போனது. ஆறேகாலுக்கு இன்னொன்று. இப்போது அது மெதுவாகச் சரிவோடு இறங்கி ஓடையின் புல்லில் உட்கார்ந்தது.

கொட்டை விழும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது. இலை மேல் ஒரு தட்டல், அப்புறம் தரையில் ஒரு தட்டல்.

முதலில் வந்தது ஒரு தாயும் இரண்டு குட்டிகளும். குட்டிகளுக்குப் புள்ளி மறைந்துகொண்டிருந்தது. அந்த வயதில் பால் மறந்திருக்கும், சட்டத்திலும் தடை இல்லை. எனக்கு மனம் வரவில்லை, விட்டுவிட்டேன். மூன்றும் ஓக்கின் அடியில் கால் மணி நேரம் நின்று தின்றன. கொட்டையை நொறுக்கும் சத்தம் அத்தனை தெளிவாகக் கேட்டது, முறுக்கு கடிக்கிற மாதிரி. ஒருமுறை தாய் தலையைத் தூக்கி என் பக்கம் பார்த்தது. காது இரண்டும் முன்னால் திரும்பின. நான் மூச்சை விடவில்லை. மூக்கை உயர்த்திப் பார்த்தது, ஒன்றும் கிடைக்கவில்லை, மறுபடி குனிந்தது. அந்தக் குனிவைப் பார்த்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை. 22 கஜத்தில் ஒரு மான் நிற்கிறது, நான் அங்கே இருப்பது அதற்குத் தெரியவில்லை.

அவை வயல் பக்கம் போன பிறகு, சூரியன் மறைய இருபது நிமிடம் இருக்கும்போது, தனியாக ஒரு பெண் மான். சிவந்த கோடைகால ரோமம் கழுத்தில் மட்டும் இன்னும் உதிராமல் இருந்தது, மற்ற இடமெல்லாம் சாம்பல். கொட்டைக்குக் குனிந்தபோது வில்லை இழுத்தேன். பக்கவாட்டில், முன்னங்கால் ஒரு எட்டு முன்னால் வைத்து நின்றது. அம்பு உடம்பைத் துளைத்துத் தாண்டிப் போய் மண்ணில் குத்தி நின்றது. மான் சரிவின் மேல் ஓடியது, ஒரு கிளை முறிந்தது, அப்புறம் அமைதி.

கைகள் நடுங்கின. இத்தனை வருடத்தில் அது மாறவில்லை; மாறினால் வில்லை வைத்துவிடுவேன் என்று நினைத்திருக்கிறேன். அரை மணி நேரம் மரத்திலேயே இருந்தேன். இறங்கி அம்பைப் பார்த்தேன், நுரை கலந்த இளஞ்சிவப்பு ரத்தம். நுரையீரல். அறுபது கஜத்தில் கிடந்தது. கழுத்தில் கைவைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பரில் அதற்கு மேல் உட்கார நேரமில்லை. குளிர்ந்த இரவு என்றாலும் இறைச்சி கெடாத குளிர் அது இல்லை. உடனே குடலெடுத்து, இழுத்துக்கொண்டு வந்து, உள்ளே ஐஸ் பைகளை அடுக்கி, பத்து மணிக்கு முன்னால் வீட்டில் இருந்தேன். எடுத்த மானை மறுநாள் மாலை 5 மணிக்குள் மாநிலத்திடம் பதிவு செய்ய வேண்டும், இரவே ஃபோனில் செய்துவிட்டேன். தலையைச் சோதனைக்குக் கொடுத்தேன். மான்களை உருக்கிக் கொல்லும் மெலிவு நோய் (CWD) 2002-இல் இந்த மாநிலத்தில் முதலில் தெரியவந்தது எங்களுக்குப் பக்கத்தில்தான், மவுண்ட் ஹோரப் ஊரை ஒட்டி. முடிவு வரும்வரை இறைச்சி ஃப்ரீசரில் பெயரும் தேதியும் எழுதிக் கிடக்கும். நல்லபடியாக வந்தது. பின்தொடையைப் பெரியவர் வீட்டுக்குக் கொடுத்தேன். மீதியில் அம்மா ஃபோனில் சொல்லச் சொல்ல மிளகு தட்டிப்போட்டு வறுத்தது, கொழுப்பே இல்லாத கறி என்பதால் நல்லெண்ணெய் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டது.

இந்த வருடம் அந்த மரத்துக்கு மறுபடி போகலாமே என்று தம்பி கேட்டான். ஆகஸ்ட் கடைசி ஞாயிறு போய்ப் பார்த்தேன். உச்சிக் கிளையெல்லாம் தொலைநோக்கியால் தேடியும் காய் இல்லை. வெள்ளை ஓக் எல்லா வருடமும் காய்க்காது. போன வருடம் கொட்டிவிட்டது, இந்த வருடம் ஓய்வு. பாஸ்வுட் மரம் அப்படியே நிற்கிறது. ஆனால் எதிரே பந்தி இல்லையென்றால் அங்கே உட்கார்ந்து என்ன செய்வது?

அதனால் இந்த வருடம் மறுபடி தொடக்கத்திலிருந்து. ஓடைக்கு அந்தப் பக்கம், மேற்குப் பார்த்த சரிவில், கைவிடப்பட்ட பழைய பண்ணையின் இரண்டு ஆப்பிள் மரங்கள் இருக்கின்றன. அதில் ஒன்று நன்றாகக் காய்த்திருக்கிறது, தரையில் கடித்துப்போட்ட பழம் கிடக்கிறது. அது தெற்குக் காற்றுக்குச் சரியாக வரும் என்று நினைக்கிறேன். நினைப்பது போதாது. சரிவு மேற்குப் பார்த்தது என்பதால் வெயில் கடைசிவரை அடிக்கும், காற்று இறங்கத் தொடங்குவது கிழக்குச் சரிவைவிடத் தாமதமாகும். அதை ஒரு மாலை அங்கே போய், வில் இல்லாமல், பஞ்சை மட்டும் விட்டுப் பார்க்க வேண்டும்.

தம்பியையும் கூட வரச் சொல்லியிருக்கிறேன். அவன் குறித்த மூன்றில் இரண்டு வயலோரம். மூன்றாவது, வரைபடத்தில் பார்த்தால், ஒரு பள்ளத்தின் தலைப்பக்கம் இருக்கிறது. கீழே ஓடையிலிருந்து ஏற வழி இருக்கும் போலத் தெரிகிறது. வியாழக்கிழமை மதியம் அங்கே போய்விட்டு, சாயங்காலம் ஆப்பிள் மரத்துக்குப் போவதாகத் திட்டம். நேற்று செய்தி அனுப்பியிருந்தான்: "அக்கா, வியாழன் மேல்காத்து, 8 மைல். சாயங்காலம் அடங்கிடும்னு போட்டிருக்கான். பஞ்சு டப்பா உங்ககிட்ட இன்னொண்ணு இருக்குமா?"

இருக்கிறது. எடுத்து வைத்துவிட்டேன்.